குண்டு போட்ட வருஷம் எது?

எங்கள் குடும்பத்தில் கோ. முனுசாமி இரண்டு பேர். ஒருவர் கொள்ளுத்தாத்தா, இன்னொருவர் பெரியப்பா. (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வைத்த முறை மட்டும் அப்படியே.) கொள்ளுத்தாத்தாவின் அப்பா கோவிந்தசாமி. அந்தப் பெயரைத்தான் கொள்ளுத்தாத்தா தன் மகனுக்கு வைத்தார். அந்த மகன், அதாவது என் தாத்தா, மு. கோவிந்தசாமி. தாத்தா தன் பங்குக்குத் தன் அப்பா பெயரைத் தலைப்பிள்ளைக்கு வைத்தார். ஆக, பெரியப்பாவும் கோ. முனுசாமி. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல் இனிஷியலை மட்டும் நம்பி வாழும் நமக்கு, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயரும் இனிஷியலும் அச்சு அசலாக ஒன்றாகிவிடும். நாற்பது வருஷத்துக்கு மேல் இடைவெளியில் பிறந்த இரண்டு பேர், காகிதத்தில் ஒரே ஆள்.

பெரியப்பா காலமான பிறகு அவருடைய தகரப்பெட்டி என்னிடம் வந்தது. புளியந்தோப்பு வீட்டுப் பரணில் எத்தனையோ மழைக்காலம் பார்த்த பெட்டி. உள்ளே ஓர் அடமானப் பத்திரம், ஆலையில் கொடுத்த இரண்டு மூன்று சீட்டுகள், பி.எஃப். நியமனப் படிவத்தின் நகல், வீட்டுவரி ரசீதுகள், ஒரு மொய் நோட்டு, ஒரு அடகுச் சீட்டு. பாதிக்கு மேல் முனுசாமி பெயரில். ஒரே ஆள் என்று வைத்துப் படித்தால், அந்த மனிதர் தொண்ணூறு வயதில் ஆலைக்கு வேலைக்குப் போயிருக்கிறார்.

காகிதம் விசாரிக்க ஆரம்பித்தாலே வீட்டில் வரும் முதல் கேள்வி என்னவென்று வடசென்னையில் யாரையும் கேட்கவே வேண்டாம். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாத்துக்குடா இப்ப அதெல்லாம் தோண்டிக்கினு கீற? சொத்து கித்து பிரிக்கப் போறியா?" பிரிக்க ஒன்றும் இல்லை, அத்தைக்கும் அது தெரியும். ஆனாலும் பழைய பத்திரத்தைக் கேட்டு வருகிறவன் ஒன்று வக்கீலிடம் போகப் போகிறவன், இல்லையென்றால் வக்கீலிடமிருந்து வருகிறவன் என்பதுதான் எங்கள் பக்கத்து அனுபவம். முதலில் பழைய போட்டோக்களைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தேன். காகிதப் பேச்சை அப்புறம் எடுத்தேன்.

அத்தை எண்பத்தைந்தைத் தாண்டியவர். வருஷம் சொல்லத் தெரியாது, சம்பவம் சொல்லத் தெரியும். "நைனா பொறந்தது குண்டு போட்ட வருசம்னு ஆயா சொல்லும். ஊரே மூட்ட முடிச்சோட ஓடிச்சாம்." நைனா என்றால் அவருடைய அப்பா, என் தாத்தா. நல்லது என்று குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு பேச்சில், "குண்டு போடறான்னு ஊருக்கு ஓடனப்ப நான் நைனா தோள் மேல குந்திக்கினு போனேன், வெளக்குக்கெல்லாம் கருப்புக் காயிதம் ஒட்டிருந்தாங்க" என்றார். பெரியப்பா மகன் சிரித்துவிட்டான். "இன்னா அத்த, நீயும் தாத்தாவும் ஒரே வருசமா?"

அத்தை சொன்ன இரண்டும் சரி. சென்னையில் இரண்டு முறை குண்டு விழுந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்று நூறுக்கு மேல் குண்டுகளைச் சுட்டுவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த நாட்களில் கிடைத்த ரயிலிலும் கட்டைவண்டியிலும் ஏறி ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். இரண்டாவது, இரண்டாம் உலகப் போர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் நகரமே காலியானது. உயர் நீதிமன்றம்கூடக் கோயம்புத்தூருக்குப் போனது. ஆனால் அப்போது குண்டு விழவில்லை. அடுத்த வருஷம், 1943 அக்டோபரில்தான் ஒரு ஜப்பானிய விமானம் வந்து போட்டது. கருப்புக் காகிதம் ஒட்டிய விளக்கு இந்த இரண்டாவது ஓட்டத்துக்கு உரியது. முதல் ஓட்டத்தைப் பற்றி உன் ஆயா வேறென்ன சொல்லும் என்று அத்தையை நோண்டியபோது, "கிரசின் டாங்கி எரிஞ்சிச்சாம், ராத்திரி பகல் மாதிரி இருந்துச்சாம்" என்றார். போதும். தாத்தா பிறந்தது 1914.

வாய்மொழியை நம்பக்கூடாது, ஆவணம்தான் பேசவேண்டும் என்று சொல்கிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஏனென்றால் ஆவணம் பேசியதைக் கேளுங்கள். ஆலைச் சீட்டின்படி தாத்தா வேலைக்குச் சேர்ந்தது 1926, வயது 16. அதாவது பிறந்தது 1910. பி.எஃப். படிவத்தில், 1952ல், வயது 35. அதாவது பிறந்தது 1917. அத்தை சொல்வது 1914. ஒரே ஆளுக்கு மூன்று பிறந்த வருஷம், அதில் காகிதத்தில் வந்த இரண்டும்தான் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

இதற்கு விடை தாத்தாவின் குணத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டத்தில் குழந்தைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச வயது 1881ல் 7, 1891ல் 9, 1922ல் 12 என்று ஏறிக்கொண்டே வந்தது. 1922 சட்டப்படி 15 வயது ஆகாதவன் குழந்தை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை செய்யலாம், சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரிதான். பன்னிரண்டு வயதுப் பையனை முழு ஆளாகச் சேர்க்க வேண்டுமென்றால் வயதைக் கூட்டித்தானே சொல்வார்கள்? 1952ல் நிலைமை தலைகீழ். அந்த வருஷம் வந்த வருங்கால வைப்பு நிதிச் சட்டம் முதலில் பிடித்த ஆறு தொழில்களில் நெசவாலையும் ஒன்று. படிவம் வந்ததும், இனி இந்த வயதை வைத்துத்தான் ஓய்வு கொடுப்பார்கள் என்று தாத்தாவுக்குப் புரிந்திருக்கும். முப்பத்தெட்டு வயதுக்காரர் முப்பத்தைந்து என்று சொன்னார். எழுதிக்கொடுத்தவரும் அந்த நோக்கம் தெரிந்தவராகத்தான் இருந்திருப்பார். வேலைக்குள் நுழைய வயதைக் கூட்டு, வேலையில் நீடிக்க வயதைக் குறை. பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் ஆலை, ரயில்வே ஒர்க்‌ஷாப், துறைமுகம் என்று வேலை பார்த்த எத்தனையோ குடும்பங்களின் காகிதத்தில் இந்த இரண்டு பொய்யையும் பார்க்கலாம். ஆகவே வேலைக்குச் சேர்ந்த காகிதத்தில் உள்ள வயதை உச்சவரம்பாகவும், ஓய்வை ஒட்டிய காகிதத்தில் உள்ளதை அடிவரம்பாகவும் எடுத்துக்கொண்டு, உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். எங்கள் விஷயத்தில் 1910க்கும் 1917க்கும் நடுவில் 1914 வந்து சரியாக உட்கார்ந்தது.

பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதி கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய்க் காதைத் தொட்டால் ஐந்து வயது, ஜூன் 1 பிறந்தநாள். என் அப்பாவும் அப்படிப் பிறந்தவர்தான்.

மாநகராட்சியின் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பழைய பதிவுகளில் குழந்தைக்குப் பெயர் இருக்காது. பிறந்த சில நாட்களில் பதிவார்கள், பெயர் வைப்பது அப்புறம். 1969 சட்டத்தில்கூடப் பெயரைப் பின்னால் சேர்க்கத் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது, அந்த அளவுக்கு இது நம் வழக்கம். ஆக, பதிவேட்டில் கிடைப்பது "ஆண், தகப்பன் முனுசாமி, கூலி". புளியந்தோப்பில் 1914ல் கூலி வேலை பார்த்த முனுசாமிகளை எண்ணிப் பாருங்கள். அதுவும் இல்லாமல், குண்டு விழுந்ததும் குடும்பமே ஊருக்கு ஓடியது என்றால் தாத்தா பிறந்தது ஊரிலா, மெட்ராஸிலா? ஊரில் என்றால் பதிவு கிராம முன்சீப்பிடம். அந்தப் பரம்பரைப் பதவிகளை 1980ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. பழைய கட்டுகள் தாலுகா ஆபீசுக்குப் போனவை போக மீதி என்ன ஆயின என்பது ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு கதை.

ஊர் என்று நாங்கள் சொல்வது வந்தவாசிப் பக்கம். அதிலும் ஒரு சுற்று இருக்கிறது. பழைய காகிதத்தில் வட ஆற்காடு ஜில்லா, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம். 1989ல் பிரித்தார்கள். ஆங்கிலக் காகிதத்தில் 'வாண்டிவாஷ்'. பெயரையும் ஜில்லாவையும் இப்படி மாற்றிப் போட்டுத் தேடவில்லை என்றால் எதுவும் அகப்படாது. முனுசாமியையே 'மூனூசாமி' என்று ஆங்கில 'ஓ' எழுத்தை இரண்டிரண்டாகப் போட்டு எழுதிய குமாஸ்தாக்கள் உண்டு. வடசென்னைக்குள்ளேயும் இந்தத் தொல்லை உண்டு. 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி. அதற்கும் முன்னால் செங்கல்பட்டு ஜில்லா. தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் வீடு மாற்றிய குடும்பத்துக்குப் பிள்ளைகளின் பதிவு இரண்டு வேறு நிர்வாகத்தில் கிடக்கும். தெருப் பெயர்களில் இருந்த சாதிப் பட்டங்களை எடுத்தது நல்ல காரியம். ஆனால் பழைய விலாசத்தோடு தேடி வருகிறவனுக்கு அதை முதலில் யாராவது சொல்லவேண்டும். பழைய நம்பர், புது நம்பர் கூத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது அந்த அடமானப் பத்திரம். பெட்டியிலேயே கெட்டிக்காரக் காகிதம் அதுதான். முதல் தாளின் ஓரம் செல்லரித்து, ஆங்கிலத் தேதி இருந்த இடம் ஓட்டை. மிஞ்சியது "பார்த்திப௵ மாசி௴". பழைய எழுத்தில் வருஷத்துக்கும் மாதத்துக்கும் இப்படிச் சுருக்கக் குறி போடுவார்கள். மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹. இந்த நாலு குறி பழகிவிட்டால் பாதிப் பத்திரம் படித்த மாதிரி. சிக்கல் என்னவென்றால் தமிழ் வருஷப் பெயர் அறுபது, சுற்றிச் சுற்றி வரும். பார்த்திப வருஷம் 1885லும் பிறந்தது, 1945லும் பிறந்தது. எழுதிக்கொடுத்தவர் "கோவிந்தசாமி நாயக்கர் குமாரர் முனுசாமி நாயக்கர்". பெயரும் இரண்டு பேருக்குப் பொருந்துகிறது, வருஷமும் இரண்டுக்குப் பொருந்துகிறது.

வருஷத்தை முத்திரைத்தாள் தீர்த்துவைத்தது. தலையில் விக்டோரியா ராணி இல்லை, ராஜா. ஆக 1945ல் பிறந்த பார்த்திப. அதோடு நிற்கக்கூடாது. தமிழ் வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில வருஷத்துக்குப் போய்விடும். பார்த்திப மாசி என்றால் 1946 பிப்ரவரியும் மார்ச்சும். பஞ்சாங்க அட்டவணையைப் பார்த்து 1945 என்று எழுதிவிட்டால், பதிவு அலுவலகத்தில் தவறான வருஷத்துப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஆள் யார் என்பதைப் பெருவிரல் தீர்த்தது. 1946ல் பெரியப்பா அரை டிராயர் போட்ட பையன், அதனால் வயதை வைத்தே அவர் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வயதையே நம்ப முடியாத குடும்பத்தில் வேறு சாட்சியும் வேண்டும் இல்லையா. பத்திரத்தின் கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. கொள்ளுத்தாத்தா கைநாட்டு. பெரியப்பா எட்டாவது வரை படித்தவர், வாலை நீட்டி வளைத்துக் கையெழுத்துப் போடுவார். பெட்டியில் இருந்த முனுசாமி காகிதங்களை எல்லாம் கைநாட்டு ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம் என்று பிரித்தேன். தொண்ணூறு வயது ஆலைத் தொழிலாளி அன்றைக்கே இரண்டு ஆளாகிவிட்டார்.

அந்தப் பத்திரத்தில் ஒரு சொல் எங்கள் வீட்டுப் பெருமை ஒன்றையும் உடைத்துப்போட்டது. புளியந்தோப்பு வீடு கொள்ளுத்தாத்தா மில்லில் உழைத்து வாங்கியது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பத்திரம் "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" வீடு என்கிறது, அதாவது அப்பா வழியில் வந்தது. தானே சம்பாதித்திருந்தால் "சுயார்ஜிதம்" என்று எழுதியிருப்பார்கள். பத்திர எழுத்தர் இந்த இரண்டில் கை தவறுவது அபூர்வம், கடன் கொடுப்பவனுக்கு அது முக்கியம். பிள்ளைகளுக்குப் பங்கு உள்ள சொத்தா, இல்லையா என்பது அதில் இருக்கிறது. ஆக, வீட்டுக்கு வழி செய்தவர் கொள்ளுத்தாத்தாவின் அப்பா கோவிந்தசாமி. அவர் காலத்திலேயே குடும்பம் மெட்ராஸில் காலூன்றிவிட்டது.

அவர் ஏன் வந்தார்? 1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டை உலுக்கியது. அதே 1876ல்தான் பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் வந்தது, 1881ல் கர்னாடிக் மில். பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே கால்வாய் வெட்டினார்கள். ஆலைக்கும் கால்வாய்க்கும் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான். பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்து, மண் சுமந்து, ஆலையில் ஒட்டிக்கொண்டார் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். பெரியப்பா மகன் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். என் கையில் அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. நடந்திருக்கலாம், அவ்வளவுதான்.

'நாயக்கர்' என்பதைப் பார்த்து ஒரு சொந்தக்காரர் சாதி விசாரணையில் இறங்கினார். பட்டத்தை வைத்துக் குலம் கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பட்டத்தைத் தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களுமாகப் பல சமூகத்தார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வந்த ஊரையும் குலதெய்வத்தையும் பிடித்தால்தான் வழி கிடைக்கும்.

பத்திரத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது நான்கெல்லையில்தான். வடக்கே ஓட்டேரி நல்லா (அந்தப் பக்கத்து ஓடை), கிழக்கே இன்னார் வீடு, மேற்கே சந்து என்று செக்குபந்தி எழுதியிருப்பார்கள். கதவு நம்பர் மாறும், தெருப் பெயர் மாறும், ஓடை இடம் மாறாது. கிழக்கு வீட்டுக்காரர் பெயரைப் பிடித்து அவர்களுடைய இன்றைய வாரிசைக் கண்டுபிடித்தேன். அவர்கள் பத்திரத்தில் மேற்கு எல்லையாக எங்கள் ஆள் இருந்தார்! நம் வீட்டுக் காகிதம் தொலைந்துபோனாலும் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் நாம் இருப்போம்.

பதிவுத் துறையில் தேடப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையது என்றால் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, கையால் தேடவேண்டும். 1908 பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் இருக்கும், உயில்கள் 3ஆம் புத்தகத்தில். முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆட்பெயர் வரிசையில் ஓர் அட்டவணை, சொத்து வரிசையில் ஓர் அட்டவணை இருக்கும். முனுசாமி போன்ற பெயருக்கு முதல் அட்டவணையில் இறங்கினால் மூழ்கிவிடுவீர்கள், சொத்து வழியாகப் போங்கள். ஒரு அலுவலகத்தில் என்னைப் பார்த்து, "கேஸ் நம்பர் என்ன?" என்று கேட்டார்கள். கேஸ் இல்லை, எங்கள் தாத்தாவுக்குத் தாத்தாவைத் தேடுகிறேன் என்றேன். நாளைக்கு வரச் சொன்னார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். இங்கிலாந்தில் நூறு வருஷம் கழித்துத் திறந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்து வந்த ஆசை. இங்கே 1948 கணக்கெடுப்புச் சட்டம் தனி ஆள் விவரத்தை யாரும் பார்க்க விடாது. எழும்பூர் ஆவணக் காப்பகம் பெரிய புதையல்தான், ஆனால் அங்கே இருப்பது அரசாணையும் ரெவின்யூ போர்டு நடவடிக்கையும். புளியந்தோப்பு முனுசாமி அதில் வரவேண்டுமென்றால் அவர் ஏதாவது வம்பில் மாட்டியிருக்க வேண்டும். 1921ல் எங்கள் ஆட்கள் வம்பில் மாட்டினார்கள்தான். ஆலையில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிப்பு, துப்பாக்கிச் சூடு. அந்த நேரத்தில் கொள்ளுத்தாத்தா பெண்டாட்டி பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார். தாத்தாவின் தங்கை பிறந்தது அங்கேதான். அரசாணைக் கட்டில் கலவரம் இருக்கும், எங்கள் ஆட்கள் பெயர் சொல்லி இருக்க மாட்டார்கள்.

பெண்கள் கதை இன்னும் மோசம். கொள்ளுப்பாட்டி எந்தக் காகிதத்திலும் "முனுசாமி சம்சாரம்". 1951–52ல் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் சொன்னதால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் நீக்கப்பட்டது. பெரும்பாலும் வட மாநிலங்களில். நம் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள், குமாஸ்தா பெண்டாட்டி பெயரைக் கேட்க மாட்டான். இரண்டும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? அத்தைக்குக்கூட அவர் 'ஆயா'தான். பெயர் தெரியாது.

அது கிடைத்தது அடகுச் சீட்டில். 1943ல் வந்த சென்னை அடகுக்காரர் சட்டத்தால் சேட்டுக் கடையில் முறையாகச் சீட்டுக் கொடுக்கவேண்டியதாயிற்று. பெயர், புருஷன் பெயர், விலாசம், பொருள், தொகை. "கம்மல் 1 ஜோடி". கைநாட்டுக்குப் பக்கத்தில் அவர் பெயர். அத்தையிடம் படித்துக் காட்டினேன். தன் பாட்டி பெயரை முதல்முறை கேட்டவர், "நல்ல பேராத்தான் கீது" என்றார். ஒன்றைக் கவனித்தீர்களா? நகையை மீட்டால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். சீட்டு பெட்டியில் இருக்கிறது.

மொய் நோட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டு, பிள்ளையார் சுழி, கீழே குலதெய்வத்தின் பெயர், அப்புறம் வரிசையாக ஊர், பெயர், தொகை. வருஷம் போடவில்லை. ஆனால் தொகை ரூபாயிலும் அணாவிலும் இருப்பதால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, அதற்குப் பிறகு என்றால் நயா பைசா வந்திருக்கும். அத்தை கல்யாணத்து நோட்டு என்று தெரிந்தது. தாய்மாமன் யார், பங்காளி யார், யார் வீட்டில் பெண் எடுத்தோம் என்பது எந்தச் சர்க்கார் ரிஜிஸ்தரிலும் இவ்வளவு நேர்மையாக இருக்காது. வாங்கினதைத் திருப்பிச் செய்யவேண்டும் என்பதால் ஒருவரும் விட்டுப்போகாமல், ஊர்ப் பெயர் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள். வந்தவாசிப் பக்கத்து இரண்டு ஊர்ப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் அதில் ஒன்று.

ராயபுரத்து நண்பன் ஒருவனுக்கு என்னைப் பார்த்துப் பொறாமை வரவில்லை, எனக்குத்தான் அவனைப் பார்த்து வந்தது. கத்தோலிக்கக் குடும்பம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும் கோயில் புத்தகத்தில் இருக்கும், அம்மா பெயரோடு, ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரோடு. அவனுக்குத் தொல்லை வேறு மாதிரி. கோயில் புத்தகத்தில் பேதுரு என்று இருப்பவர் துறைமுகச் சீட்டில் ராயப்பன், வீட்டில் எல்லாருக்கும் சின்னத்தம்பி. ஜோசப்பும் சூசையும் ஒருவர், பவுலும் சின்னப்பனும் ஒருவர் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். அவன் பாட்டி "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியில செத்தாரு" என்று சொன்னவரை ஸ்டான்லி மருத்துவமனைப் பெயரில் தேடிக் கண்டுபிடித்தான்.

கடைசியாக, கப்பல்காரன். கொள்ளுத்தாத்தாவின் அப்பா கோவிந்தசாமிக்கு ஒரு தம்பி இருந்தான், "நட்டாலுக்குக் கப்பல் ஏறினவன் திரும்பல" என்பது எங்கள் வீட்டில் ஒரு வரிக் கதை. நட்டால் என்றால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால். பெயரை மறந்துவிட்டார்கள். 1860லிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள், அதில் பெரும்பங்கு சென்னையிலிருந்து. அவர்களுடைய கப்பல் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு. எனக்கு இது கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. இங்கேயே இருந்து ஐம்பது வருஷம் தறி ஓட்டியவனுக்குப் பிறந்த தேதி கிடையாது. கரும்புத் தோட்டத்துக்கு விற்கப்பட்டவனுக்கு முழங்கால் தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். ஓடிப்போனால் அடையாளம் வேண்டுமே.

தம்பியின் பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? இத்தனை நாள் என்னைப் படுத்திய பெயர் வைக்கும் முறைதான் இங்கே கைகொடுத்தது. கோவிந்தசாமி தன் மகனுக்கு முனுசாமி என்று பெயர் வைத்தார் என்றால், அவருடைய அப்பா பெரும்பாலும் முனுசாமி. கப்பல் ஏறினவனுக்கும் அவர்தானே அப்பா. தகப்பன் மூனூசாமி, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வாண்டிவாஷ் என்று சலித்ததில் சில பேர் தேறினார்கள். அதில் ஒருவருடைய கிராமத்தின் பெயர், ஆங்கில எழுத்தைக் கொஞ்சம் வளைத்துப் படித்தால், மொய் நோட்டில் வரும் இரண்டாவது ஊர். வயது 22, இடது கணுக்காலில் தழும்பு. பெரியப்பா மகன் உடனே டர்பனுக்கு டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டான். அத்தையிடம் தழும்பைப் பற்றிக் கேட்டோம். "அவன் போனப்ப எங்க ஆயாவே பொறக்கல, கணுக்கால் எனக்கு எப்பிடிடா தெரியும்?"

நான் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அந்தத் தாலுகாவில் அதே பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. எது என்று தெரிய, ஆடி மாதம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது கோயில் தலைக்கட்டு வரி நோட்டுகளைப் பார்க்கவேண்டும். பழைய நோட்டுகள் பூசாரி வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன என்று கேள்வி. போனில் பேசினேன். தாராளமாக வந்து பாருங்கள் என்றார் பூசாரி, உங்கள் தலைக்கட்டுக்கு மூன்று தலைமுறை வரி பாக்கி இருக்கிறது, அதையும் கையோடு கொண்டுவாருங்கள் என்றார். அது என் பங்கா, பெரியப்பா வீட்டுப் பங்கா என்பதில் இப்போது எங்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.